இடுக்கண் அழியாத இளநெஞ்சம்

நிலமும் நீரும் தீயும் காற்றும் மனித வாழ்வுக்கு அடிப்படையானவை. நிலம் விளைவு தருகிறது. கடல் மீன் தருகிறது. காற்று மழைமுகிலைக் கொணர்கிறது. ஆயினும், நாள்தோறும் வாழ்வளிக்கும் இவையே என்றேனும் ஒருநாள் எல்லை கடந்து எழுகின்றன. அன்று நிலம் நடுங்குகிறது. கடல் ஊருக்குள் புகுகிறது. காற்று கூரையைப் பெயர்த்து எறிகிறது. அந்நாள் கழிந்தபின் அலுவலர்கள் வந்து இழப்பைக் கணக்கிடுகின்றனர். இடிந்த வீடுகள் இத்தனை, உடைந்த படகுகள் இத்தனை, மாண்ட கால்நடைகள் இத்தனை என்று ஏட்டில் எழுதுகின்றனர். ஆனால், அவ்வேட்டில் எழுத இயலாத இழப்பு ஒன்று உண்டு. நேற்று இருந்த வீடு இன்றும் இருக்கும், இன்று இருக்கும் தாய் நாளையும் இருப்பாள் என்று குழந்தை தன் நெஞ்சில் கொண்டிருந்த நம்பிக்கையே அது. இடிந்த வீட்டை மீண்டும் எழுப்பக் கல்லும் மண்ணும் போதும். இடிந்த நம்பிக்கையை மீண்டும் எழுப்புவது எவ்வாறு? அதனை எழுப்பவல்ல கைகள் யாருடையவை?

இவ்வினாக்கள் தமிழகக் கடற்கரையில் ஒருநாள் காலையில் எழுந்தன. 2004ஆம் ஆண்டு டிசம்பர் 26ஆம் நாள் ஞாயிற்றுக்கிழமை. இந்திய நேரப்படி காலை 6.28 மணி அளவில், சுமத்திராத் தீவின் வடமேற்குக் கரைக்கு அப்பால், கடலடி நிலம் பெரிதும் அதிர்ந்தது. ஒரு நிலத்தட்டின் அடியில் மற்றொரு நிலத்தட்டு நீண்ட காலமாக நுழைந்துகொண்டிருந்தது. அவ்விரண்டின் இடையே தேங்கியிருந்த அழுத்தம் அன்று விடுபட்டது. ஆயிரம் கிலோமீட்டருக்கும் மேற்பட்ட நீளத்திற்குக் கடலடி பிளந்து, சில மீட்டர் அளவு மேலெழுந்தது. தன்மேல் நின்ற நீரை அது உந்தித் தள்ளியது. அவ்வாறு எழுந்த அலை நடுக்கடலில் ஒரு மீட்டர் உயரமும் இல்லாதது. எனினும் மணிக்குப் பல நூறு கிலோமீட்டர் விரைவில் ஓடியது. கரையை அணுகி ஆழம் குறைந்தபோது, விரைவு தணிந்து உயரம் மிகுந்தது. காலை 9 மணி அளவில் அது தமிழகக் கரையை அடைந்தது.

அன்று தொலைவான கடலில் மீன்பிடித்துக்கொண்டிருந்த ஆடவர் பலர் தம் படகுக்கு அடியில் அலை கடந்து சென்றதையும் அறியவில்லை. கரையில் மீனுக்காகக் காத்திருந்த பெண்களையும், விடுமுறை நாளில் மணலில் விளையாடிய பிள்ளைகளையும் அவ்வலை வாரிச் சென்றது. தமிழகத்தில் மட்டும் ஏறத்தாழ 8,000 பேர் மாண்டனர். அவருள் 6,000க்கும் மேற்பட்டோர் நாகப்பட்டின மாவட்டத்தைச் சேர்ந்தவர். இந்தியப் பெருங்கடலைச் சூழ்ந்த நாடுகளில் மாண்டோர் 2,20,000 பேருக்கும் மிகுதி. உயிர் தப்பிய பிள்ளைகள் தாயை, தந்தையை, உடன்பிறந்தாரை, விளையாட்டுத் தோழரை இழந்து நின்றனர். தொட்டிலைப்போலத் தாலாட்டிய கடலே அவர்களுக்கு அச்சந்தரும் பொருளாயிற்று.

பேரிடரைக் கண்ட குழந்தையின் துன்பம் பெரியவர் துன்பத்தைப்போல் சொல்லாக வெளிப்படுவதில்லை. மிகச் சிறிய குழந்தை தாயின் சேலையைப் பற்றிக்கொண்டு ஒரு கணமும் பிரிய மறுக்கிறது. இரவில் அலறி எழுகிறது. விட்டொழிந்த பழக்கமாகிய படுக்கையை நனைத்தல் மீண்டும் தோன்றுகிறது. பள்ளி செல்லும் பருவத்துப் பிள்ளை வயிற்றுவலி என்கிறது, தலைவலி என்கிறது, புத்தகத்தைத் திறந்து வைத்துக்கொண்டு வேறெங்கோ நோக்குகிறது. சற்று வளர்ந்த பிள்ளைகள் பேச்சைக் குறைத்துக்கொள்கின்றனர். அன்றேல் சிறு சொல்லுக்கும் சினந்தெழுகின்றனர். இவையெல்லாம் பிடிவாதம் அல்ல, ஒழுக்கக்கேடும் அல்ல. இயல்புக்கு மாறான ஒரு நிகழ்ச்சியைக் கண்ட இளமனத்தின் இயல்பான அசைவுகளே இவை. உற்றார் உடனிருந்து போற்றினால், பெரும்பாலான பிள்ளைகளிடம் இவை மெல்ல மெல்லத் தணிந்து மறைகின்றன. நெடுநாள் தணியாமல் நின்றால், உடல்நோய்க்கு மருத்துவரை நாடுவதுபோல மனநல மருத்துவரை நாடுதல் வேண்டும். அதில் நாணத்துக்கு இடமே இல்லை.

வெளியே தோன்றாத துன்பம் ஒன்றும் உண்டு. குழந்தை தன்னையே குற்றவாளியாகக் கருதிக்கொள்வது அது. 'நான் கையை விட்டதனால்தான் தம்பி போனான்' என்று ஒரு சிறுமி எண்ணக்கூடும். 'முதல்நாள் அம்மாவை எதிர்த்துப் பேசினேன்; அதனால் வந்த தண்டனை இது' என்று ஒரு சிறுவன் கருதக்கூடும். கேட்பவர் இல்லாவிடில் இவ்வெண்ணம் நெஞ்சில் முள்ளாய்த் தங்கிவிடும். 'வீட்டையே பெயர்த்த நீரைச் சிறுகை தடுக்க இயலாது; இது உன் பிழை அன்று' என்று பெரியவர் ஒருவர் தெளிவாகச் சொல்லுதல் வேண்டும்; ஒருமுறை அன்று, பலமுறை சொல்லுதல் வேண்டும்.

குழந்தை பேரிடரின் அளவைக் கடலைப் பார்த்து அறிவதில்லை. பெற்றோர் முகத்தைப் பார்த்தே அறிகிறது. இவ்வுண்மையை ஆராய்ச்சியும் காட்டியிருக்கிறது. 1983ஆம் ஆண்டு பிப்ரவரி 16ஆம் நாள் ஆஸ்திரேலியாவின் தென்கிழக்குப் பகுதியில் பெருங்காட்டுத்தீ மூண்டு, 75 பேர் மாண்டனர். தீப்பட்ட ஊர்களின் பள்ளிப்பிள்ளைகளை மக்ஃபார்லேன் என்னும் மனநோய் மருத்துவர் தொடர்ந்து ஆராய்ந்தார். தீயை மிக அருகில் கண்ட பிள்ளைகளே மிகுதியாக வருந்துவர் என்று எவரும் எண்ணுவர். ஆனால், அவர் கண்டது வேறு. தீ ஓய்ந்த உடனே பெற்றோரிடமிருந்து பிரித்து வைக்கப்பட்டதும், தாய் அந்நிகழ்ச்சியின் நினைவிலேயே மூழ்கிக் கிடந்ததும், குடும்பத்தின் வாழ்க்கைமுறை மாறிப்போனதும் ஆகிய இவையே பிள்ளைகளின் துன்பம் நீடிப்பதற்குப் பெருங்காரணங்களாக விளங்கின. எரிந்த தீயைவிட, எரிந்தபின் வீடு இருந்த நிலையே பிள்ளைகளை மிகுதியாகத் தாக்கியது.

ஆகவே, பேரிடருக்குப் பின் முதற்கடமை குடும்பத்தை ஒன்றாக வைத்திருத்தலாகும். பாதுகாப்புக் கருதிப் பிள்ளைகளை மட்டும் தொலைவிலுள்ள ஊருக்கு அனுப்பிவிடுதல் நன்மைபோலத் தோன்றும். ஆயினும், உறைவிடம் கூடாரமே ஆனாலும், தாயின் அருகில் உறங்கும் குழந்தைக்கு அதுவே கோட்டை. பெற்றோரை இழந்த பிள்ளைகளையும் அவர்கள் அறிந்த ஊரிலும் உறவிலும் வைத்து வளர்ப்பதே முதலில் நாடத்தக்கது. பாட்டியோ மாமனோ சிற்றன்னையோ இருக்கும்போது, முன்பின் அறியாத இடத்துக்கு அவர்களை அனுப்புதல் இரண்டாம் இழப்பாய் முடியும். உற்றார் எவரும் இல்லாத பிள்ளைகளுக்காகத் தமிழக அரசு நாகப்பட்டினம், கடலூர் முதலிய இடங்களில் தனி இல்லங்களை அமைத்ததும் இக்கருத்துப் பற்றியே எனலாம். அங்கே பிள்ளைகள் தம் மொழியும் மண்ணும் மாறாமல் வளர்ந்தனர்.

பெற்றோரும் துன்புற்றவரே. அவர்கள் அழுதல் ஆகாது என்று யாரும் கூறவில்லை. தாய் அழுவதைக் காணும் குழந்தை, துன்பம் வந்தால் அழலாம் என்று அறிந்துகொள்கிறது. அழுத தாய் கண்ணைத் துடைத்துக்கொண்டு அடுப்பை மூட்டுவதைக் காணும்போது, அழுதபின் எழலாம் என்றும் அறிந்துகொள்கிறது. இரண்டும் வேண்டிய பாடங்களே. துயரை மறக்க மதுவை நாடும் தந்தையோ குழந்தைக்கு இருந்த ஒரு துணையையும் பறித்துவிடுகிறான். தன் மனச்சுமையைத் தாங்க இயலாத பெற்றோர் உறவினரிடத்தும் நண்பரிடத்தும் மருத்துவரிடத்தும் அதனை இறக்கி வைத்தல் வேண்டும். பெற்றோர் தம்மைப் பேணிக்கொள்வதும் பிள்ளையைப் பேணுவதன் ஒரு பகுதியே ஆகும்.

அடுத்து வேண்டுவது உண்மை. 'அப்பா எங்கே?' என்று குழந்தை கேட்கும்போது, 'வெளியூருக்குப் போயிருக்கிறார்' என்று சொல்லிவிடுவது எளிது. அச்சொல் அன்றைய அழுகையை அடக்கும். ஆனால், குழந்தை நாள்தோறும் வாயிலில் காத்திருக்கும். பின்னர் உண்மை தெரியும்போது, தந்தையை இழந்த துயரோடு, தன்னிடம் பொய் சொன்னவர் மீதிருந்த நம்பிக்கையையும் அது இழக்கும். 'அப்பா இறந்துவிட்டார், இனி வரமாட்டார், நான் உன்னோடு இருக்கிறேன்' என்று குழந்தையின் கையைப் பற்றிக்கொண்டு சொல்லுதலே தகும். வேண்டாத விவரங்களைக் கூறுதல் வேண்டா. கேட்ட கேள்விக்கு மட்டும் நேரிய விடை போதும். அதே கேள்வி மறுநாளும் வரும். சலிப்பின்றி அதே விடையைத் தருதல் வேண்டும். பேச விரும்பாத பிள்ளையை 'என்ன கண்டாய், சொல்' என்று வற்புறுத்துதலும் தவறு. பேச முற்படும் பிள்ளையை 'அதை மறந்துவிடு' என்று தடுத்தலும் தவறு.

சொல்லில் வாராத துன்பம் விளையாட்டில் வரும். மணலில் சிறுவீடு கட்டி, அதன்மேல் நீரை ஊற்றி அழித்து, மீண்டும் கட்டி மீண்டும் அழிக்கும் குழந்தையைக் கண்டு, 'இது என்ன கெட்ட விளையாட்டு!' என்று பெரியவர் கடிந்துகொள்வது உண்டு. அது கெட்ட விளையாட்டு அன்று. தன்னை ஆட்டிவைத்த அலையைத் தன் கையால் ஆட்டிப் பார்த்து, அச்சத்தை வெல்ல முயல்கிறது அக்குழந்தை. அவ்விளையாட்டு நாள்தோறும் அழிவிலேயே முடியுமாயின், தந்தை அருகில் அமர்ந்து, 'இவ்வீட்டில் இருந்தவர்கள் எந்தப் பக்கம் ஓடினால் தப்பலாம்?' என்று கேட்கலாம். குழந்தை மணலில் ஒரு மேட்டை எழுப்பும். பொம்மைகளை அதன்மேல் ஏற்றும். ஒரு கேள்வியால் அழிவின் கதை தப்புதலின் கதையாக மாறிவிடும். ஆனால், தொலைக்காட்சியில் அழிவுக் காட்சிகளைத் திரும்பத் திரும்பக் காட்டுதல் நலந்தராது. பழைய காட்சிதான் மீண்டும் காட்டப்படுகிறது என்பதைச் சிறு குழந்தை அறியாது; ஒவ்வொரு முறையும் புதிய அலை வந்ததாகவே அது அஞ்சும்.

மூன்றாவதாக வேண்டுவது ஒழுங்கு. குறித்த வேளையில் உணவு, குறித்த வேளையில் உறக்கம், காலையில் தலைவாரிப் பள்ளிக்கு அனுப்புதல் ஆகியவை நல்ல நாளில் எளிய செயல்கள். இடருற்ற நாளில் இவையே மருந்து. அடுத்து நடப்பது இன்னது என்று அறிந்த குழந்தைக்கு அச்சம் குறைகிறது. பேரலை தாக்கிய தமிழகக் கரையோரத்தில் 2005ஆம் ஆண்டு ஜனவரியிலேயே பள்ளிகளை மீண்டும் தொடங்கியதன் பயன் எழுத்தும் எண்ணும் மட்டும் அன்று. மணி அடித்தது, வரிசை நின்றது, பெயர் அழைக்கப்பட்டது. உலகம் முற்றும் குலைந்துபோகவில்லை என்பதைப் பிள்ளைகள் தம் காதால் கேட்டனர்.

நான்காவதாகப் பிள்ளைக்கு அதன் வலிமைக்கேற்ற பொறுப்பைத் தருதல் வேண்டும். துன்புற்ற குழந்தை என்று எண்ணி, ஒரு வேலையும் செய்யவிடாமல், கண்ணிமைக்குள் வைத்துக் காக்கும் பெற்றோர் பலர். அளவு மீறிய அக்காவல், 'நீ வலிமையற்றவன்' என்று ஓயாமல் சொல்வதற்கு ஒப்பாகும். குடத்தில் நீர் நிரப்புதல், தங்கைக்கு எழுத்துச் சொல்லித் தருதல், வலை பழுது பார்க்கும் தந்தைக்கு நூல் எடுத்துக் கொடுத்தல் போன்ற சிறு வேலைகள், 'என்னாலும் ஆவது உண்டு' என்னும் எண்ணத்தை வளர்க்கின்றன. ஆனால், பெரியவர் சுமக்க வேண்டிய கடன், வழக்கு, எதிர்கால ஏக்கம் ஆகிய சுமைகளைப் பிள்ளையின் தோளில் ஏற்றுதல் ஆகாது. கடலைக் கண்டு அஞ்சும் பிள்ளையைக் கையைப் பிடித்து இழுத்துச் சென்று நீரில் நிறுத்துதலும் ஆகாது. கடற்கரைப் பக்கமே போகாதே என்று தடுத்தலும் ஆகாது. முதல் நாள் தொலைவிலிருந்து பார்க்கலாம். மற்றொரு நாள் ஈரமணல்வரை நடக்கலாம். பிறிதொரு நாள், பிள்ளையே விரும்பும்போது, கால் நனைக்கலாம். ஒவ்வோர் அடியிலும் தந்தையின் கை உடனிருத்தல் வேண்டும்.

இவற்றோடு அறிவும் சேர்தல் வேண்டும். காரணம் அறியாத அச்சமே பெரிய அச்சம். கடல் சினந்து எழவில்லை, எவரையும் தண்டிக்கவும் இல்லை, கடலடி நிலம் அசைந்ததனால் நீர் எழுந்தது என்பதை எளிய சொல்லில் விளக்கினால் குழந்தையின் மனம் தெளியும். நிலம் அதிர்வதும், கடல் திடீரென உள்வாங்குவதும், பேரிரைச்சல் கேட்பதும் எச்சரிக்கைகள் என்பதையும் கற்பிக்க வேண்டும். இவற்றுள் ஒன்று தோன்றினாலும் உடனே மேட்டை நோக்கி ஓடவேண்டும். 2004ஆம் ஆண்டின் அதே நாளில், தாய்லாந்து நாட்டின் புக்கெட்டுத் தீவில், இங்கிலாந்தைச் சேர்ந்த பத்து வயதுச் சிறுமி ஒருத்தி கடல்நீர் நுரைத்துப் பொங்குவதைக் கண்டாள். இரு வாரங்களுக்கு முன் பள்ளியில் படித்த புவியியல் பாடம் அவள் நினைவுக்கு வந்தது. ஆழிப்பேரலை வருகிறது என்று அவள் பெற்றோரிடம் வற்புறுத்தினாள். 'சிறுபிள்ளைப் பேச்சு' என்று அவள் சொல்லைத் தள்ளிவிடாமல், தந்தை காவலருக்கு அறிவித்தார். கடற்கரையிலிருந்தோர் அகன்று உயிர் பிழைத்தனர். அறிந்த பிள்ளையும் செவிசாய்த்த பெற்றோரும் சேர்ந்து அவ்வுயிர்களைக் காத்தனர்.

இதனினும் வியப்பானது சிமலூவத் தீவின் வரலாறு. சுமத்திராவுக்கு மேற்கே, நிலநடுக்கம் தோன்றிய இடத்துக்கு மிக அண்மையில் உள்ளது அத்தீவு. 1907ஆம் ஆண்டு அங்கே ஒரு பேரலை எழுந்து பெருந்தொகையான மக்களை அழித்தது. தப்பியவர் அத்துயரை மறைத்து வைக்கவில்லை. 'ஸ்மோங்' என்று அதற்குப் பெயரிட்டுத் தம் பிள்ளைகளுக்குக் கதையாகவும் தாலாட்டாகவும் சொல்லிவந்தனர். நிலம் வலிதாக அதிர்ந்து, பின் கடல் உள்வாங்கினால், எதையும் எடுக்க நில்லாமல் மலைக்கு ஓடவேண்டும் என்பதே அக்கதையின் பொருள். பிள்ளைகள் பெற்றோராயினர், பெற்றோர் பாட்டன் பாட்டியாயினர், கதை மட்டும் நிற்கவில்லை. ஏறத்தாழ நூறு ஆண்டுகளுக்குப் பின் 2004இல் நிலம் அதிர்ந்தபோது, 'ஸ்மோங்! ஸ்மோங்!' என்னும் கூக்குரல் தீவெங்கும் எழுந்தது. மக்கள் மலைக்கு ஓடினர். ஏறத்தாழ 78,000 பேர் வாழ்ந்த அத்தீவில் மாண்டோர் எழுவர் மட்டுமே. தமிழகக் கரையோ புயலை அறிந்திருந்தது. இத்தகைய அலையை அறிந்திருக்கவில்லை. கடல் உள்வாங்கியபோது, அதனை வேடிக்கை பார்க்கக் கரைக்குச் சென்றோரும் உண்டு. துயரத்தை மறைப்பதா, கதையாக்கிக் கையளிப்பதா என்பதில் உயிர்களே அடங்கியிருக்கின்றன.

ஜப்பான் நாட்டுக் கமாயிஷி நகரமும் இதற்குச் சான்று. அலை வரும்போது ஒருவரையொருவர் தேடி நில்லாமல் அவரவர் மேட்டுக்கு ஓடவேண்டும் என்பது அந்நாட்டு வடகிழக்குக் கடலோர மக்களின் மரபு. முதல்முறை கேட்போருக்கு இது கொடிதாகத் தோன்றும். உண்மையில் இது பெற்றோருக்கும் பிள்ளைகளுக்கும் இடையிலுள்ள உறுதிமொழி. 'என் பிள்ளை தானே ஓடித் தப்பும்' என்று தாய் நம்புகிறாள். 'என் தாய் தானே ஓடித் தப்புவாள்' என்று பிள்ளை நம்புகிறது. ஆதலின், ஒருவரைத் தேடி மற்றவர் அலையின் வாயில் விழுவதில்லை. 2011ஆம் ஆண்டு மார்ச் 11ஆம் நாள் பேரலை வந்தபோது, அந்நகரில் ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் மாண்டனர், காணாமற் போயினர். ஆனால், ஏறத்தாழ 3,000 பள்ளிப்பிள்ளைகளுள் ஐவர் நீங்கலாக ஏனையோர் உயிர் பிழைத்தனர். ஒரு பகுதியில் நடுநிலைப்பள்ளி மாணவர் தொடக்கப்பள்ளிக் குழந்தைகளின் கைகளைப் பற்றிக்கொண்டு ஓடினர். முதலில் குறித்திருந்த இடத்தில் அமையாது, அதனினும் உயர்ந்த இடத்துக்கு ஏறினர். அவர்கள் விட்டு நீங்கிய இடத்தைப் பின்னர் அலை விழுங்கியது.

பெற்றோரை இழந்த பிள்ளைக்கு இத்திண்மையை ஊட்டுவார் யார் என்னும் வினா எழலாம். ஹவாய்த் தீவுக்கூட்டத்திலுள்ள கவாய்த் தீவில் 1955ஆம் ஆண்டு பிறந்த 698 குழந்தைகளை, எம்மி வெர்னர் என்னும் உளநூலறிஞரும் அவருடைய துணைவரும் நாற்பது வயதுவரை தொடர்ந்து ஆராய்ந்தனர். வறுமையும் குடும்பக் குழப்பமும் சூழப் பிறந்த பிள்ளைகளுள் மூன்றில் ஒரு பங்கினர் திறமும் அன்பும் உடைய நன்மக்களாக வளர்ந்தனர். அவர்களிடம் காணப்பட்ட சிறப்புகளுள் ஒன்று, தம்மை உறுதியாக நேசித்த பெரியவர் ஒருவரேனும் அவர்களுக்கு இருந்தமை. அவர் பெற்றவராகத்தான் இருந்தார் என்பதில்லை. பாட்டியாகவும் ஆசிரியராகவும் அண்டை வீட்டாராகவும் இருந்தார். ஆகவே, பெற்றோர் என்னும் சொல் பேரிடர்க் காலத்தில் விரிந்த பொருள் பெறுகிறது. கைப்பிடித்து நடத்துவோர் அனைவரும் பெற்றோரே.

திருவள்ளுவர் திருக்குறளில் 'இடுக்கண் அழியாமை' என்று ஓர் அதிகாரமே வகுத்தார். 'இடுக்கண் இன்மை' என்று அவர் தலைப்பிடவில்லை. இடுக்கண் வாராத வாழ்வு இல்லை. வந்தபோது அழியாத நெஞ்சமே வேண்டப்படுவது. அந்நெஞ்சம் பிறவியிலேயே அமைந்துவிடும் பொருள் அன்று. தாயின் அண்மையாலும், தந்தையின் உண்மையாலும், வீட்டின் ஒழுங்காலும், சிறு பொறுப்புகளாலும், முன்னோர் சொன்ன கதையாலும் நாள்தோறும் சிறிது சிறிதாகப் பின்னப்படுவது.

கடலோர ஊர்களில் மீனவர் அறுந்த வலையைத் தூக்கி எறிந்துவிடுவதில்லை. மணலில் விரித்து, கிழிந்த இடத்தைத் தேடி, கண்ணிக்குக் கண்ணி முடிந்து பழுது பார்க்கின்றனர். அருகில் பிள்ளை அமர்ந்து நூலைப் பிடித்துக்கொண்டிருக்கிறது. சில காலம் சென்றபின் அப்பிள்ளையே வலையை முடியக் கற்றுக்கொள்கிறது. அன்று நூலைப் பிடித்த கை, நாளை தன் பிள்ளையின் கையில் நூலைக் கொடுக்கும். கடல் மீண்டும் எழக்கூடும். ஆயினும் அக்கைகள் தளரமாட்டா.